பொறாமையும் பல்லாண்டும்

பொறாமை என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் பகையும் இல்லை, வஞ்சமும் இல்லை. பொறுத்தல் என்னும் வினைக்கு அது எதிர்மறை, அவ்வளவே. தாங்க இயலாமை என்பதே அதன் நேர்பொருள். எதைத் தாங்க இயலாமை என்பதை அச்சொல் சொல்லவில்லை. வெயிலைத் தாங்காதவனுக்கும் பசியைத் தாங்காதவனுக்கும் இலக்கணப்படி இச்சொல் பொருந்தும். ஆயினும் தமிழ் வழங்கும் இடமெங்கும் இதனைக் கேட்டவுடன் ஒன்றே நினைவுக்கு வருகிறது. அடுத்தவன் நன்றாக இருப்பதைத் தாங்க இயலாமை என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். உலகில் தாங்கவொண்ணாத துன்பங்கள் எத்தனையோ இருக்க, பிறருடைய இன்பத்தையே அவற்றுள் தலையாயதாக வைத்து, விளக்கம் வேண்டாமலே விளங்குமாறு நம் முன்னோர் இச்சொல்லை நமக்கு விட்டுச் சென்றனர். அவர்கள் நம்மை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தை முடித்த கையோடு அழுக்காறாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். முன்னது பதினாறாவது, பின்னது பதினேழாவது. பிறர் நமக்குச் செய்த தீங்கைப் பொறுப்பது முன்னதன் பொருள். பிறருக்கு வாய்த்த நன்மையைப் பொறுப்பது பின்னதன் பொருள். இவ்விரண்டில் எது கடினம் என்பதை நம் நெஞ்சைக் கேட்டால் அது சொல்லும். என்னை வைதவனை மன்னித்துவிட்டேன் என்று நாலு பேர் நடுவே சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. வைதவன் தாழ்ந்து போகிறான், மன்னித்தவன் உயர்ந்து நிற்கிறான். என்னைவிட நன்றாகப் பாடுகிறவனைப் பொறுத்துக்கொண்டேன் என்று எவரும் சபையில் சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே தாழ்ந்து நிற்பவன் பொறுத்தவனே. ஆகையால் இந்தப் பொறுமைக்குச் சாட்சியும் இல்லை, புகழும் இல்லை.

அழுக்காறு என்ற சொல்லை அழுக்கு, ஆறு என்று இரண்டாகப் பிரித்து, மன அழுக்கு ஓடும் வழி என்று மேடைகளில் பொருள் சொல்லுவார் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிமேலழகர் அதனை ஒரே சொல் என்று தெளிவாக எழுதிவிட்டார். பிறர் ஆக்கம் கண்டவிடத்துப் பொறாமை என்பதே அவர் கொண்ட பொருள். வடமொழி நிகண்டாகிய அமரகோசமும் ஈர்ஷ்யை என்னும் சொல்லுக்கு அக்ஷாந்தி, அதாவது பொறுக்காமை, என்றே பொருள் தருகிறது. இரு மொழியாரும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றனர்.

ஆனால் அமரகோசம் அத்துடன் நிற்கவில்லை. ஈர்ஷ்யைக்கு அடுத்தபடியாக அசூயையை வைத்து, அதற்கு வேறொரு பொருள் கூறுகிறது. ஒருவனிடம் குணம் இருக்க, அந்தக் குணத்தின்மீதே குற்றத்தை ஏற்றுவது அசூயை. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அடியேனுக்கு இது புலப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின. பொறாமை ஒரு வலி. வேண்டுமென்று யாரும் அதை வரவழைத்துக்கொள்வதில்லை. தேள் கொட்டினாற்போல் அது வந்துவிடுகிறது. அசூயை அப்படி வருவதன்று. அது நாம் செய்வது, நாவினால் செய்வது, நன்றாக யோசித்து, தகுந்த சொல்லைத் தேர்ந்தெடுத்துச் செய்வது.

இவ்வளவும் நூலில் கற்றது. இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

இவ்வூரில் எங்கள் பிரபந்த கோஷ்டி பெரியதன்று. உற்சவ நாள்களில் எட்டுப் பேர் சேர்ந்தால் அதிகம். சேவாகாலம் எங்கும் உள்ள வழக்கப்படி பல்லாண்டில்தான் தொடங்கும். அதைத் தொடங்கிவைக்கும் பேறு பல ஆண்டுகளாக அடியேனிடம் இருந்தது. எவரும் எழுதிக் கொடுத்த உரிமையன்று. வயதினாலும் பழக்கத்தினாலும் வந்தது. ஒரு வருஷம் பணி மாற்றலாகி ஓர் இளைஞர் வந்தார். சிறு வயதிலேயே முறையாகச் சந்தை சொல்லிக்கொண்டவர். குரல் நிறைந்த குரல். பாடம் பிசகாத பாடம். மூன்றாம் நாள் உற்சவத்தில் பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்து, "இன்று நீங்கள் தொடங்குங்கள்" என்று கைகாட்டினார். அவர் அடியேன் முகத்தைப் பார்த்தார். அடியேன் தலையசைத்தேன். அவர் தொடங்கினார். சேவிக்க வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்று இரவு வந்தது பொறாமை. அதை அடியேன் வரவழைக்கவில்லை. மறுநாள் காலையில் பேசத் தொடங்கினேன். கொஞ்சம் இழுத்துச் சொல்லுகிறார் என்று ஒருவரிடம் சொன்னேன். பாட்டுக் கச்சேரி வாசனை இருக்கிறது என்று இன்னொருவரிடம் சொன்னேன். ழகரம் சுத்தமாக இல்லை என்று ஒருநாள் கோஷ்டியிலேயே, அவர் காதுபட, திருத்துகிறாற்போலச் சொன்னேன். அவருடைய ழகரத்தில் குறை ஏதும் இல்லை. அடியேனுடையதைவிட அது சுத்தமானது. அவரிடம் இருந்த நல்லது எதுவோ அதையே எடுத்துத்தான் குற்றமாக்கினேன். இல்லாத குறையைச் சொல்லி அவரைத் தாழ்த்த நினைத்திருந்தால்கூட அது இவ்வளவு நுட்பமான பாவமாக இருந்திராது. சில மாதங்களில் அவர் கோஷ்டிக்கு வருவது குறைந்தது. பிறகு ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். "அவர் இப்போதெல்லாம் வருவதில்லையா?" என்று வீட்டில் ஒருமுறை கேட்டார்கள். வேலை அதிகம் போலிருக்கிறது என்றேன்.

வால்மீகி பகவான் அயோத்தியா காண்டத்தை அமைத்த முறையை இதன்பின் வேறு கண்ணோடு படிக்க நேர்ந்தது. அக்காண்டத்தின் தொடக்கத்தில் கூனி மந்தரை வருகிறாள். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தியைக் கேட்டுக் கைகேயி முதலில் மகிழ்ச்சியே அடைகிறாள். நற்செய்தி சொன்னதற்காக மந்தரைக்கு அணிகலன் தருகிறாள். இராமன் குணங்களைத் தானே எடுத்துப் பேசுகிறாள். மந்தரை அந்தக் குணங்களை மறுக்கிறாளா? இல்லை. இராமன் அறிஞன், அரச நீதி தெரிந்தவன், காலம் அறிந்து செயல்படுகிறவன், ஆகவேதான் உன் மகனை நினைத்து நடுங்குகிறேன் என்கிறாள். அசூயை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. குணம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருக்கிறது. அதன்மேல் குற்றத்தின் நிறம் ஏறிவிட்டது. ஒரு பகல் பொழுதில் தாய் அன்பு வைத்திருந்த பிள்ளை அவளுக்குப் பகையானான்.

அதே காண்டம் எங்கே முடிகிறது? அத்திரி முனிவர் ஆசிரமத்தில். அங்கே முனிவர் பத்தினி இருக்கிறாள். உடல் சுருங்கி, தலை நரைத்து, காற்றில் வாழைபோல் நடுங்கும் முதியவள். அவள் பெயரே அநசூயை, அசூயை இல்லாதவள். தன் முன் வந்து நிற்கும் இளம் அரசகுமாரியாகிய பிராட்டிக்கு ஆடையும் அணியும் மாலையும் பூச்சும் தருகிறாள். தந்ததோடு அமையாமல், அவற்றைத் தன் எதிரிலேயே அணிந்துகொள்ளச் சொல்லிக் கண்குளிரப் பார்க்கிறாள். சுயம்வரக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். இளமை போன கண் இளமையைப் பார்த்து நிறைந்தது. இராமாயண உபந்யாசங்களில் இந்த இடத்தைப் பதிவிரதா தர்மம் என்ற ஒரே தலைப்பில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மந்தரையில் தொடங்கியதை அநசூயையில் முடித்தார் கவி என்பதைச் சற்று நின்று பார்த்தால் நன்றாயிருக்கும்.

பகவத் கீதையிலும் இச்சொல் ஒரு முக்கியமான வாசலில் நிற்கிறது. ஒன்பதாம் அத்தியாயத் தொடக்கத்தில், மிக ரகசியமானதை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று கண்ணன் அருச்சுனனிடம் கூறும்போது, அதற்கு அவனுடைய தகுதியாகச் சொல்வது கல்வியையன்று, வீரத்தையன்று, அசூயை இல்லாமையை. எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் இதற்குச் சொல்லும் கருத்து, எல்லையற்ற பெருமையைக் கேட்டபோது, ஆம், இது இப்படித்தான் இருக்கும் என்று மனம் இசைவதே அசூயை இன்மை என்பதாகும். கடவுளிடத்துமா மனிதனுக்குப் பொறாமை என்று கேட்கலாம். இராஜசூய யாகத்தில் முதற் பூஜை கண்ணனுக்கு என்றபோது சிசுபாலன் எழுந்து பேசியதை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, சடாரி யார் தலையில் முதலில் என்ற வழக்குகளுக்கெல்லாம் அவனே மூலபுருஷன் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. வேடிக்கைதான், ஆனால் அந்த வழக்குகளில் நீதிமன்றம்வரை போனவை உண்டு என்பது வேடிக்கையன்று.

அவ்வியம் அல்லது ஔவியம் என்பது இவற்றுள் பழைய தமிழ்ச்சொல். ஔ என்னும் எழுத்துக்கு ஆத்திசூடியில் ஔவையார் தேர்ந்தெடுத்த சொல் இதுவே. அதை நினைக்காதே என்று அவர் சொல்லவில்லை. பேசாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சில் எழுவதைப் பிள்ளைகளால் தடுக்க முடியாது, வாயில் வருவதைத் தடுக்கலாம் என்று அந்தப் பாட்டி கருதியிருக்க வேண்டும். வள்ளுவரும் இச்சொல்லை இரண்டு இடங்களில் ஆண்டிருக்கிறார். அவற்றுள் ஒன்று நம்மவர்க்கு மிகவும் உரியது. அழுக்காறு உடையவனைத் திருமகள் தன் மூத்தவளிடம் காட்டிவிட்டு அகல்வாள் என்பது அக்குறளின் கருத்து. அங்கே பொறாமைச் சொல் திருமகள்மேல் ஏறிக் கிடக்கிறது. பரிமேலழகர், திருமகள் தானும் பொறாளாய் என்ற கருத்துப்பட உரை செய்தார். எல்லாப் பிழையையும் பொறுப்பவள் என்று நாம் போற்றும் பிராட்டி, பிறர் நலம் பொறாதவனை மட்டும் பொறுக்க மாட்டாமல் போகிறாள். பரிமேலழகர் வைணவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இந்த இடத்தில் அவர் கை சற்று நடுங்கியிருக்குமோ என்று அடியேன் நினைப்பதுண்டு.

நாட்டுப்புற வழக்கில் இச்சொற்கள் உடம்பில் இடம் பிடித்துக்கொண்டன. வயிற்றெரிச்சல் என்கிறோம். கண் பட்டுவிட்டது என்கிறோம். திருஷ்டி என்பதற்கு வெறும் பார்வை என்பதே பொருள். ஆனால் எந்தப் பார்வை என்று யாரும் கேட்பதில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முகப்பில் பூசணிக்காய் தொங்குகிறது. நன்றாக விளைந்த மரவள்ளிக் கொல்லையில் பானைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ முன்பின் தெரியாதவருடைய கண்ணுக்கு அஞ்சியா இவை? இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் கண்ணுக்கு, பங்காளி கண்ணுக்கு. கிரேக்க நாட்டு ஞானி அரிஸ்டாட்டிலும் இதையே சொன்னார். காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் புகழாலும் நமக்கு அண்மையில் இருப்பவர்மீதே பொறாமை எழும் என்பது அவர் முடிவு. தில்லியில் ஒருவர் கோடீசுவரர் ஆனால் அரூரில் எவருக்கும் தூக்கம் கெடுவதில்லை. பக்கத்துக் கிணற்றில் நாலு அடி தண்ணீர் கூடுதலாக ஊறினால் கெடுகிறது.

காதலில் வரும் பொறாமையை மட்டும் பழந்தமிழர் இக்கூட்டத்தில் சேர்க்கவில்லை. அதற்குப் புலவி என்றும் ஊடல் என்றும் தனிப்பெயர் இட்டு, இன்பத்தின் பகுதியாகவே வைத்தார்கள். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவையே. ஆழ்வார்கள் பெண் நிலையில் நின்று எம்பெருமானோடு ஊடியதும் அந்த வழியில்தான். அவற்றிலெல்லாம் அடியேன் நெஞ்சைத் தொடுவது நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழி. ஆண்டாள் அங்கே பாஞ்சசன்னியத்திடம் பேசுகிறாள். தனக்குக் கிட்டாத பெருமான் திருவாயின் சுவை அந்த வெண்சங்குக்கு நாள்தோறும் கிட்டுகிறதே என்ற ஏக்கம் பாட்டுக்குப் பாட்டு வளர்கிறது. ஆனால் சங்கின் பாக்கியத்தை எடுத்தெடுத்துச் சொல்லுகிறாள். அதற்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும் என்கிறாளேயன்றி, அதனிடமிருந்து போகவேண்டும் என்று சொல்லவில்லை. இதையும் பொறாமை என்று ஒருவர் சொன்னால் அடியேன் வாதாட மாட்டேன். ஆனால் அசூயை என்று சொன்னால் ஒப்பமாட்டேன்.

நம் குருபரம்பரையிலும் அசூயை இல்லாமற் போகவில்லை. திருப்புட்குழியில் இளையாழ்வாருக்குப் பாடம் சொன்ன யாதவப்பிரகாசர், மாணவன் தம்மினும் தெளிவாகப் பொருள் சொல்லுவதைப் பொறுக்கமாட்டாமல், காசி யாத்திரை என்று அழைத்துப்போய்க் கங்கையில் தள்ள எண்ணியதும், கோவிந்தர் எச்சரித்ததும், விந்தியக் காட்டில் வேடனும் வேடுவிச்சியுமாக வந்து பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வழிகாட்டியதும் எல்லாரும் கேட்ட கதை. பிற்காலத்தில் அதே யாதவப்பிரகாசர் அந்த மாணவருக்கே சீடராகி, கோவிந்த ஜீயர் என்னும் பெயர் பெற்று, யதிதர்ம சமுச்சயம் என்னும் நூலை எழுதினார். இதைப் பலர் அறிவர் ஆதலால் விரிக்கவில்லை. விரித்துச் சொல்ல வேண்டியது நம்பிள்ளையின் கதை. அவருக்கு வாய்த்த இரண்டு திருநாமங்களைப் பற்றிய கதை அது.

அவருடைய இயற்பெயர் வரதராஜர். நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி உரையைப் பிரதி செய்து தரும்படி அவரிடம் ஏட்டுச் சுவடியைக் கொடுத்தார். காவிரியைக் கடந்து போகையில் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. வரதராஜர் தாம் கேட்டிருந்ததை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய விசேஷப் பொருள்களும் அதில் சேர்ந்துவிட்டன. நஞ்சீயர் அதைப் பார்த்தார். தாம் எழுதியதைவிடச் சில இடங்களில் இது சிறந்திருந்தது. ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிடச் சோதனையான தருணம் வேறு இராது. மூலத்தில் இல்லாததை ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கலாம். கேட்க நியாயமும் இருந்தது. நியாயம் இருக்கும்போதுதான் அசூயைக்கு மிக வசதி. நஞ்சீயர் நடந்ததைக் கேட்டறிந்து, அவரை அணைத்துக்கொண்டு, நம் பிள்ளை என்றார். அதுவே பெயராயிற்று.

இரண்டாம் பெயர் வந்த வழி வேறு. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிப் பொருள் சொல்லத் தொடங்கியபின் அவரைச் சூழ்ந்த கூட்டம் பெருகியது. பெரிய பெருமாளைச் சேவித்து வெளிவரும் கூட்டமோ இது, நம்பிள்ளை கோஷ்டியோ என்று ஐயுறும்படி இருந்ததாகச் சொல்லுவர். அந்நாளில் அங்கே கந்தாடைத் தோழப்பர் என்னும் பெரியவர் இருந்தார். எம்பெருமானாரின் மருமகனாகிய முதலியாண்டான் வம்சத்தவர். பிறப்பாலும் கல்வியாலும் மதிப்பாலும் எதிலும் குறைவில்லாதவர். அவருக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் பெருமாள் சந்நிதியிலேயே, பலர் முன்னிலையில், நம்பிள்ளையைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை பதில் சொல்லாமல் போய்விட்டார்.

செய்தி தோழப்பரின் தேவியாருக்கு எட்டியது. அந்த அம்மையார் பெயர் தெரிந்தால் அடியேன் அதைத் தனியே எழுதி வைத்துக்கொள்வேன். கணவர் வீடு திரும்பியபோது அவர் முகம் கொடுக்கவில்லை. ஒரு மகானைப் பெருமாள் திருமுன்பே பழித்துவிட்டு வந்திருக்கிறீரே, வம்சத்துக்கு அடுக்குமா என்ற கருத்தில் நேராகவே கேட்டார். தோழப்பர் மனம் உடைந்தது. போய் மன்னிப்புக் கேட்பது என்று துணிந்து கதவைத் திறந்தார். வாசலில் யாரோ விழுந்து கிடப்பது தெரிந்தது. பார்த்தால் நம்பிள்ளை. இரவெல்லாம் அங்கேயே கிடந்திருக்கிறார். முதலியாண்டான் திருவம்சத்தவர் மனம் புண்படும்படி அடியேன் நடந்துகொண்டேன், அந்த அபசாரத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்பிள்ளை செய்த பிழை என்ன? அவர் செய்தது பொருள் சொன்னது. கூட்டம் சேர்ந்தது அவர் கேட்டு அன்று. பொறாமைக்கு ஆளானவர் எல்லாரும் இப்படி வாசலில் போய்க் கிடக்க வேண்டும் என்று அடியேன் சொல்லவரவில்லை. அது நடக்கக்கூடியதும் அன்று. ஆயினும் ஒருவர் வெந்துபோவதைக் கண்டு, அந்த வெந்நீர் நம் அடுப்பில் காய்ந்ததோ என்று நினைத்துப் பார்க்கும் நெஞ்சு அவருக்கு இருந்தது. தோழப்பர் அவரை எடுத்து அணைத்துக்கொண்டு, இதுவரை உம்மைச் சிலருக்கு ஆசாரியர் என்று எண்ணியிருந்தேன், நீர் உலகத்துக்கே ஆசாரியர் என்று கூறி, லோகாசாரியர் என்னும் திருநாமத்தைச் சாற்றினார். தோழப்பர் உகந்து சொன்னதால் இந்தப் பெயர் வந்தது என்பதைப் பிற்காலத்தில் மணவாள மாமுனிகள் உபதேச ரத்தின மாலையில் பதிவு செய்தார்.

மன்னித்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லித் தோழப்பர் உள்ளே போயிருக்கலாம். எந்த வாய் பழித்ததோ அந்த வாயாலேயே ஒரு பெயரைச் சூட்டினார். எதைப் பொறுக்கவில்லையோ அந்தப் பெருமையையே, குறைக்காமல், கூட்டிச் சொன்னார். அந்தப் பெயரும் அவர்களோடு நின்றுவிடவில்லை. நம்பிள்ளையின் சீடரும், அவர் சொன்ன பொருளை ஈடு முப்பத்தாறாயிரமாக எழுதி வைத்தவருமான வடக்குத் திருவீதிப் பிள்ளை, தமக்குப் பிறந்த மகனுக்கு ஆசாரியன் நினைவாக அதே பெயரை இட்டார். அவரே ஸ்ரீவசன பூஷணம் அருளிய பிள்ளை லோகாசாரியர். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காடும் மேடுமாகத் தெற்கே சென்று, மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் உயிர்விட்டவர் அவர். வாழித் திருநாமத்தில் அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்த தோழப்பரின் முகம் அடியேன் நினைவுக்கு வருகிறது.

நம் தகடூர் மண்ணிலும் இதற்கொத்த செய்தி ஒன்று உண்டு. இன்றைய தர்மபுரியே அக்காலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி, எட்டரிய மலைப்பிளவிலிருந்து பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான் என்பது புறநானூற்றால் அறியப்படுவது. ஆத்திசூடி பாடிய ஔவையார் இவருக்குப் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. நீண்ட ஆயுள் தரும் கனியைக் கொடுத்தான் என்று எல்லாரும் சொல்லுவோம். கனியின் பயனை வாய்விட்டுச் சொல்லாமல் தன் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுவோம். சொல்லியிருந்தால் புலவர் மறுத்திருப்பார். அல்லது ஊர் அவனைப் புகழ்ந்திருக்கும். தான் இறந்த பிறகும் இன்னொருவர் இருப்பார் என்பதை அவன் மகிழ்ச்சியோடு தாங்கினான்.

பொறாமைக்கு எதிர்ச்சொல் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அழுக்காறாமை, அநசூயை என்ற இரண்டும் இல்லை என்று மறுக்கும் சொற்களே. பதஞ்சலி முதிதை என்று ஒன்று சொன்னார்; புண்ணியம் செய்தவரைக் கண்டு மகிழ்வது. அது யோகியர் சொல்லாகவே நின்றுவிட்டது. வைணவ உலகத்தில் அதற்கு வழக்கிலுள்ள சொல் ஒன்று இருக்கிறது. மங்களாசாசனம் என்பது அது. பெரியாழ்வார் பாண்டியன் சபையில் பரத்துவம் நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, யானைமீது மதுரை வீதியில் பவனி வருகிறார். தம் புகழின் உச்சியில் இருக்கிற நாள் அது. எம்பெருமான் கருடன்மேல் வந்து காட்சி தருகிறான். ஆழ்வார் தம் பவனியை மறந்தார். இத்தனை அழகும் இத்தனை கூட்டத்தின் நடுவே வெளிப்பட்டு நிற்கிறதே, யார் கண் படுமோ என்று அஞ்சினார். காக்கிறவனைத் தாம் காக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. திருப்பல்லாண்டின் பன்னிரண்டு பாசுரங்களும் அந்த அச்சத்தில் பிறந்தன.

பொறாமைப்படுகிறவனும் பெரியாழ்வாரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். வேறொருவருடைய நிறைவு கண்முன் நிற்கிறது. ஒரு கண் அது இப்படி இருக்கிறதே என்று வேகிறது. மற்றொரு கண் அது இப்படியே இருக்கவேண்டுமே என்று கலங்குகிறது. இரண்டு கண்ணுக்கும் உறக்கம் இல்லை. இன்றிரவு புறப்பாடு முடிந்து பெருமாள் ஆஸ்தானம் சேருமுன் திருவந்திக்காப்பு நடக்கும். தீபத்தைச் சுற்றிக் காட்டி இறக்கிவைப்பார்கள். வந்திருக்கும் அன்பர்கள் அதைச் சேவித்துவிட்டுச் செல்லவேண்டும். அன்றாடம் நம் கண்களுக்கு அஞ்சியே அது நடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அடியேன் எதைத் தொடங்கும் உரிமைக்காக ஓர் இளைஞரை மனம் நோகச் செய்தேன் என்பதை மேலே எழுதினேன். பல்லாண்டு அது. எழுதும்போது கை நின்றுவிட்டது. கண் படக்கூடாதென்று பாடிய பாட்டை முதலில் யார் வாயெடுப்பது என்பதில் அடியேன் கண் பட்டது.

இவ்வாண்டு உற்சவத்துக்கு அவர் குடும்பத்தோடு வருவதாக ஓசூரிலிருந்து செய்தி வந்திருக்கிறது. இப்போது அவருக்கும் தலை நரைத்திருக்கும். மூன்றாம் திருநாள் மாலை கோஷ்டி கூடும்போது, அவரைத் தொடங்கச் சொல்லவேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். அதற்குமுன் ழகரத்தைப் பற்றிய அந்தச் சொல்லை, அன்று கேட்டவர்களில் இன்று இருக்கும் மூன்று பேர் முன்னிலையில் திரும்ப எடுக்கவேண்டும். தோழப்பருக்குக் கதவைத் திறந்தால் போதுமாயிருந்தது. அடியேன் மண்டபத்தின் நடுவே எழுந்து நிற்கவேண்டும். அவர் வந்து சேரும் பேருந்து நான்கு மணிக்கு என்று சொன்னார்கள்.